செவலையும் நானும், ஓநாய்க் கூட்டத்துத் தலைவனும்

 

இது நீளமான பதிவு. ரிட்டயர்டு ஆன டீச்சருக்கு மணி அடிக்க ஆள் கிடையாது, அதனால் பாடம் நீண்டுகொண்டே போகும். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர்கள் என் கையில் கட்டைப் பார்த்து, "என்னாச்சு டீச்சர்?" என்று கேட்டீர்கள். கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அது பொய். எங்கள் வீட்டுச் செவலை கடித்தது. பொய் சொல்லாதே என்று உங்களுக்குச் சொல்லித்தந்தவள் நான், அதனால் முதலில் இதைச் சரிசெய்துவிடுகிறேன்.

(பதற வேண்டாம். செவலைக்குத் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் நானும் போட்டுக்கொண்டேன். எந்த நாய் கடித்தாலும் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.)

செவலை சிப்பிப்பாறை நாய். சின்னவன் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து குட்டியாக வாங்கி வந்தான். அவனுக்குப் புனேவுக்கு மாறுதல் வந்ததும் நாய் என் பொறுப்பில் வந்து சேர்ந்தது. ஒன்றரை வயது, முழு வேகம். கூப்பிட்டால் ஒரு பார்வை பார்த்துவிட்டு எதிர்த்திசையில் போகும். சங்கிலியைப் பிடித்து நடந்தால் நான் அதை நடத்துகிறேனா, அது என்னை இழுக்கிறதா என்று தெருவே சிரிக்கும். "திமிர் பிடிச்ச நாய்" என்று வாய்க்கு வாய் சொன்னேன்.

என் அக்கா மகன் ஒருநாள் வந்தவன், "சித்தி, நாய் ஓநாய் வம்சம். ஓநாய்க் கூட்டத்துல ஆல்பான்னு ஒண்ணு இருக்கும். மத்ததெல்லாம் அதுக்கு அடங்கித்தான் நடக்கும். நீங்கதான் ஆல்பான்னு காட்டணும், இல்லாட்டி அது உங்க தலையில ஏறி உக்காந்துரும்" என்றான். அவனும் இதை வாசிப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை, நல்லதுக்குத்தான் சொன்னான்.

அவன் சொன்னபடி எல்லாம் செய்தேன். அதன் கண்முன்னால் நான் முதலில் சாப்பிட்டேன். வாசற்படியில் நான் முதலில் போனேன். அது பாதிச் சோறு தின்றுகொண்டிருக்கும்போது தட்டை எடுத்தேன். உறுமினால் மல்லாக்கத் தள்ளி அமுக்கிப் பிடித்தேன். மூன்றாவது வாரம் கடி வாங்கினேன். "அம்மா, அதை யார்கிட்டயாவது குடுத்துருங்க" என்று சின்னவன் போனில் சொன்னான். குடுப்பதென்றால் யார் வாங்குவார்கள்? கடிக்கிற நாயை எங்காவது காட்டுப்பக்கம் விட்டுவிட்டு வருவதுதான் நடக்கும். அந்த முடிவுக்கு நானும் ஏறக்குறைய வந்துவிட்டேன்.

அதற்கு முன் கடைசியாக ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். அவர் ஊசி எதுவும் போடவில்லை. மூன்று கேள்விதான் கேட்டார்.

"அது மொதல்ல உறுமினப்ப என்ன செஞ்சீங்க டீச்சர்?"

"அமுக்கிப் பிடிச்சேன்."

"மறுபடி உறுமினப்ப?"

"இன்னும் பலமா அமுக்கினேன்."

"அப்புறம் உறுமுச்சா?"

யோசித்துப் பார்த்தேன். அப்புறம் உறுமவில்லை. அதை நான் வெற்றி என்று நினைத்திருந்தேன்.

"அது வாயால சொல்லிப் பாத்திருக்கு டீச்சர். நீங்க கேக்கல. அதான் கடிச்சிருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது வெட்கமாக இருந்தது. உங்களுக்குச் சமூக அறிவியல் எடுத்தபோது ஒன்று சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு செய்தியைக் கேட்டால் உடனே நம்பாதே. யார் சொன்னது, எப்போது சொன்னது, எங்கே பார்த்துவிட்டுச் சொன்னது என்று கேள். ஆல்பா என்ற சொல்லைக் கேட்டபோது இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கை ஆறும்வரை பேத்தி தேடி எடுத்துக்கொடுத்தாள், நான் அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தேன். வாசித்ததைச் சொல்கிறேன்.

முதலில், அடக்கிப் பழக்கும் முறை எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்ற அதிகாரி இருந்தார். 1906இல் போலீஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கியவர். 1910இல் அவர் எழுதிய பயிற்சிப் புத்தகம் அந்தத் துறைக்கே மூலநூல் மாதிரி ஆகிவிட்டது. நாய் சரியாகச் செய்தால் பரிசு கொடுக்கவும் அதில் சொல்லியிருக்கிறார். ஆனால் அடிப்படை கட்டாயம்தான். மனிதனுக்கும் நாய்க்கும் நடப்பது ஒரு பலப்பரீட்சை, அதில் மனிதன் ஜெயித்தாக வேண்டும் என்பது அவர் எண்ணம். முதல் உலகப்போரில் ஜெர்மன் படைக்கு நாய்களைத் தயார்செய்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பின்னால் இரண்டு போர்களிலும் நாய்களைப் பழக்கியவர்கள் ஊர் திரும்பியபோது, வீட்டு நாய்களுக்கும் பட்டாளத்து முறையையே சொல்லிக்கொடுத்தார்கள்.

ஓநாய் இதற்குள் எப்போது வந்தது? சுவிட்சர்லாந்தில் ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் பாசெல் நகர மிருகக்காட்சிசாலை ஓநாய்களை வருஷக்கணக்கில் உட்கார்ந்து கவனித்தார். 1947இல் கட்டுரை வெளியிட்டார். ஓநாய்கள் ஒன்றையொன்று மிரட்டுகின்றன, மேல்நிலைக்குச் சண்டை போடுகின்றன, ஜெயித்த ஆணும் பெண்ணும் மற்றவற்றை அடக்கி வைக்கின்றன என்று எழுதினார். ஆல்பா என்ற எண்ணம் பரவியதற்கு அந்தக் கட்டுரைதான் வித்து.

இப்போது மூன்றாவது கேள்வி. எங்கே பார்த்தார்? சுமார் 10 மீட்டருக்கு 20 மீட்டர் அடைப்புக்குள், பத்து ஓநாய் வரை. நம் பள்ளிக்கூடக் கணக்கில் நாலைந்து வகுப்பறை இடம். காட்டில் ஒரு ஓநாய்க் கூட்டம் நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் சுற்றும். பிடிக்கவில்லை என்றால் விலகிப் போய்விடும். அடைப்புக்குள் எங்கே போகும்? ஷெங்கல் பொய் எழுதவில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார். ஆனால் அவர் பார்த்தது சிறைக்குள் இருந்த ஓநாயை. அதை எல்லா ஓநாய்க்கும் சட்டமாக்கி, பிறகு எல்லா நாய்க்கும் சட்டமாக்கியதுதான் தவறு.

அமெரிக்காவில் டேவிட் மெக் என்பவர் 1958 முதல் ஓநாய்களை ஆராய்ந்தவர். 1970இல் ஓநாயைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதுவரை கிடைத்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்தபோது ஆல்பா கருத்தையும் சேர்த்து எழுதினார். புத்தகம் நன்றாக விற்றது, கருத்தும் கூடவே பரவியது. 1978இல் நியூயார்க் மாநிலத்தில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் எழுதிய நாய் வளர்ப்புப் புத்தகம் வந்தது. நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கும் வித்தை அதன் மூலம்தான் வீடு வீடாகப் போனது. என் அக்கா மகன் என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது அதைத்தான்.

மெக் அதோடு நிற்கவில்லை. 1986 முதல் பல கோடைக்காலம் கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவுக்குப் போனார். அங்கே மனிதரைக் கண்டு ஓடாத ஒரு ஓநாய்க் கூட்டத்தின் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். அங்கே பதவிச் சண்டை எதுவும் இல்லை. அந்தக் கூட்டம் ஒரு குடும்பம். ஓர் அப்பா, ஓர் அம்மா, அவர்களுடைய இந்த வருஷக் குட்டிகள், போன வருஷக் குட்டிகள். வளர்ந்த பிள்ளைகள் கொஞ்ச காலத்தில் பிரிந்துபோய்த் தனிக்குடும்பம் அமைக்கும். நாம் ஆல்பா என்று சொன்னது யாரை என்றால், பெற்றவர்களைத்தான்!

1999இல் மெக் இதை ஆய்விதழில் எழுதினார். தாயையும் தகப்பனையும் ஆல்பா என்று அழைப்பதில் பொருளில்லை என்றார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். 2022இல்தான் நிறுத்தினார்கள். நன்றாக விற்கிற சொந்தப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லி ஒருவர் கேட்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அந்த மடத்துத் துறவிகளும் 2002இல் புத்தகத்தைத் திருத்தி வெளியிட்டபோது, மல்லாக்கப் போடும் முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இவர்கள் திருத்திக்கொண்டார்கள். அது நம் ஊருக்கு வந்து சேரவில்லை.

2009இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக் கால்நடை மருத்துவர்கள் ஒரு கணக்கு எடுத்தார்கள். குணப் பிரச்சினைக்காக நாயைக் கூட்டிவந்த 140 பேரிடம், இதற்கு முன் வீட்டில் என்ன செய்து பார்த்தீர்கள், நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேரின் நாய் திருப்பிச் சீறியது அல்லது கடிக்க வந்தது. மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். அந்த 31இல் என்னையும் ஒருத்தியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அடக்கவும் கூடாது, அதன் போக்கில் விடவும் முடியாது என்றால் திமிர் பிடித்த நாயை என்னதான் செய்வது? அதற்கு முதலில் திமிர் என்றால் என்ன என்று பார்க்க வேண்டும்.

சிப்பிப்பாறை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய். முயலைக் கண்டால் சொந்தக்காரனை எங்கோ பின்னால் விட்டுவிட்டு ஓடும். எங்கே திரும்புவது, எப்போது பாய்வது என்று அதுவேதான் முடிவெடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எசமானன் முகத்தைப் பார்க்கிற நாய் முயல் பிடிக்காது. தலைமுறை தலைமுறையாக நாமே பொறுக்கி எடுத்து வளர்த்த குணம் இது. அதை வேட்டைக்காட்டில் கெட்டிக்காரத்தனம் என்றோம், வீட்டு முற்றத்தில் திமிர் என்கிறோம்.

திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்த கல். அதில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. பெயர் கோவிவன். அது திருடர் இரண்டு பேரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். வீரன் விழுந்துவிட்டால் நாய்க்குக் கட்டளையிட அங்கே யார் இருப்பார்கள்? சொந்த புத்தியில் நின்ற நாய்க்குத்தான் அந்த மரியாதை.

இன்னொரு நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெயர் டோகோ. அலாஸ்காவில் நோம் என்ற ஊரில் லியோன்ஹார்ட் செப்பாலா என்ற நார்வேக்காரர் பனிச்சறுக்கு வண்டி ஓட்டுபவர். 1913இல் அவர் கொட்டிலில் பிறந்த டோகோ சின்ன உருவம், நோஞ்சான், அதோடு பெரிய சேட்டைக்காரன். இது வண்டிக்கு ஆகாது என்று ஆறு மாதக் குட்டியை ஒரு வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிட்டார். அது கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு பாய்ந்து, மைல்கணக்கில் ஓடிக் கொட்டிலுக்கே வந்துவிட்டது. பிறகும் கட்டை அவிழ்த்துக்கொண்டு வண்டியின் பின்னாலேயே ஓடும். எதிரே வரும் வண்டி நாய்களை வம்புக்கு இழுக்கும்.

ஒருநாள் தொல்லை தாங்காமல் செப்பாலா அதை வண்டியிலேயே பூட்டினார். வாருக்குள் கழுத்து நுழைந்ததும் குட்டி அடங்கிவிட்டது. அதற்கு வேண்டியிருந்தது வேலை. முன்னால் போகப் போக, மாலைக்குள் தலைமை நாய்க்கு இணையாகப் பூட்டும் அளவுக்கு வந்துவிட்டது. அப்போது அதற்கு எட்டு மாதம்.

1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் பரவியது. குழந்தைகள் செத்தார்கள். ஊரில் இருந்த ஒரே மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச் தந்தி அடித்து மருந்து கேட்டார். ரயில் நெனானா வரைதான். அங்கிருந்து நோமுக்கு 674 மைல் பனி. 20 வண்டிக்காரர்கள், சுமார் 150 நாய்கள், கை மாற்றிக் கை மாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுவந்தார்கள். மற்றவர்களைவிட அதிக தூரம் மருந்தோடு போனது செப்பாலாவும் டோகோவும், 91 மைல். மருந்தை எதிர்கொள்ளப் போன தூரத்தையும் சேர்த்தால் சுமார் 260 மைல். அப்போது டோகோவுக்கு வயதாகியிருந்தது. உறைந்த நார்ட்டன் வளைகுடாவை, பனி எப்போது உடையுமோ என்ற நிலையில், இருட்டில் கடந்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓடி பிப்ரவரி 2 காலையில் நோமுக்குள் வந்த பால்ட்டோ என்ற நாய்க்குத்தான் அப்போது நியூயார்க்கில் சிலை வைத்தார்கள். உலகம் எப்போதும் கடைசியில் வந்தவரைத்தான் பார்க்கிறது. அது வேறு பாடம்.

இதில் நான் கவனித்தது ஒன்று. பனியில் வண்டி ஓட்டுபவர்கள் மதிக்கும் தலைமை நாய், சொன்னதை எல்லாம் கேட்கிற நாய் இல்லை. முன்னால் பனி மெல்லிசாக இருந்தால், "போ" என்று சொன்னாலும் போகாமல் நிற்கிற நாய். அதன் பிடிவாதம் எசமானன் உயிரைக் காப்பாற்றும். செப்பாலா டோகோவின் பிடிவாதத்தை உடைத்திருந்தால் அந்த இருட்டில் அவருக்கு வழிகாட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தபோது கல்வி உளவியலில் எனக்கு நல்ல மார்க். தார்ண்டைக்கின் பூனை, பாவ்லவின் நாய், ஸ்கின்னரின் புறா, எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். சரியான செயலுக்கு உடனே வலுவூட்டல் கொடுத்தால் அந்தச் செயல் நிலைக்கும். தண்டனை பயத்தைத்தான் வளர்க்கும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எழுதி முடித்து, சான்றிதழ் வாங்கி, வகுப்புக்குள் போனதும் பிரம்பை எடுத்தேன். என் ஆசிரியர்கள் அப்படித்தான் செய்தார்கள், நானும் செய்தேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, அடிக்கக் கூடாது என்று சொன்னபோது, "இனி பிள்ளைகள் எப்படி அடங்கும்?" என்று ஸ்டாஃப் ரூமில் சத்தமாகக் கேட்டவளும் நான்தான்.

செவலையைப் பார்த்த அந்தக் கால்நடை மருத்துவர் என் மாணவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். அந்த வருஷம் தினமும் லேட்டாக வருவான். ஏன் என்றால் பதில் வராது, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தபடி நிற்பான். திமிர் என்று முடிவுகட்டினேன். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் பார்க்கிறார்கள், இவனை அடக்காவிட்டால் எல்லாம் தலையில் ஏறும் என்று நினைத்தேன். நான்கு நாள் அடித்தேன். ஐந்தாம் நாளிலிருந்து அவன் பள்ளிக்கூடம் வரவில்லை. தலைமையாசிரியர் வீடு தேடிப் போய், மூன்று வாரம் கழித்துக் கூட்டி வந்தார். அவர் மட்டும் போகாவிட்டால் இன்று அந்த மருத்துவர் இல்லை. அதற்குப் பிறகு நான் அவனை அடிக்கவில்லை. ஆனால் ஏன் லேட் என்று கேட்கவும் இல்லை.

முப்பது வருஷம் கழித்து, செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். அவர் அம்மாவுக்கு அப்போது உடம்பு சரியில்லையாம். இரவெல்லாம் வீட்டில் தீப்பெட்டி ஒட்டி, காலையில் அதைத் தீப்பெட்டி ஆபீஸில் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வர முடியுமாம்.

"அதை அப்பவே சொல்லியிருக்கலாமேப்பா" என்றேன்.

"மொத நாள் சொல்ல வந்தேன் டீச்சர்" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. செவலைக்குக் குடற்புழு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வாசல்வரை வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

செவலையை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. இப்போது நாலு மாதமாகிறது. என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன், நாய் வளர்ப்பவர்களுக்கு உதவும். அது சங்கிலியை இழுத்தால் நான் அப்படியே நின்றுவிடுவேன். சங்கிலி தளர்ந்தால்தான் அடுத்த அடி. முதல் வாரம் தெருமுனைக்குப் போக அரைமணி நேரம் ஆனது, இப்போது சாதாரணமாகப் போகிறோம். கூப்பிட்டு வந்தால் வேகவைத்த கோழித்துண்டு ஒன்று உடனே கொடுப்பேன். வராவிட்டால் திட்டுவதில்லை. சோறு வைப்பதற்கு முன் "உக்காரு" என்று ஒரே ஒரு தடவை சொல்வேன், உட்கார்ந்தால் தட்டு. சாப்பிடும்போது தட்டைத் தொடுவதே கிடையாது. வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்கிறோம். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் பாவம், அதற்கு என்ன புரியும்? தினமும் காலையில், வெயிலுக்கு முன், கம்மாய்க் கரையில் நீளக் கயிறு கட்டி ஓட விடுகிறேன். உறுமினால் நின்று, எதற்கு என்று பார்க்கிறேன். எலியைக் கண்டால் இன்றும் என் பேச்சு அதற்குக் கேட்காது. கேட்க வேண்டியதும் இல்லை, அது சிப்பிப்பாறை.

நான் தலைவியாக இருப்பதை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எங்கே போகிறோம், எப்போது சாப்பாடு என்பதை இப்போதும் நான்தான் முடிவு செய்கிறேன். எல்ஸ்மியர் தீவில் அந்தத் தாய் ஓநாயும் தகப்பன் ஓநாயும் செய்வதும் அதுதானே.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அதற்கு வருகிறேன். நாய்க்கு நான் செய்ததைத் திருத்த நாலு மாதம் கிடைத்தது. வகுப்பில் செய்ததற்கு அப்படி வாய்ப்பு இல்லை. அந்த மருத்துவரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். ஆனால் அவர் ஒருவர் மட்டும்தானா? இதை வாசிப்பவர்களில் யாராவது என்னிடம் ஒன்று சொல்ல வந்து, நான் கேட்காமல் கை ஓங்கி, அதோடு வாயை மூடிக்கொண்டிருந்தால், தப்பு என்னுடையது. "டீச்சர் அடிச்சதாலதான் நான் ஆளானேன்" என்று கல்யாண வீடுகளில் சிலர் சொல்கிறீர்கள். அன்புக்காகச் சொல்கிறீர்கள் என்று தெரியும். நீங்கள் ஆளானது உங்கள் கெட்டிக்காரத்தனத்தால். அதை உடைக்காமல் விட்டேனே என்பதுதான் எனக்கு இப்போது ஆறுதல்.

அன்று சொல்ல வந்ததை இன்று சொல்ல நினைத்தால் போன் பண்ணுங்கள். பழைய நம்பர்தான். சாயங்காலம் 5 மணிக்கு மேல் பண்ணுங்கள், அதற்கு முன் செவலையோடு நடையில் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்